ஒலிவ் மரத்துக்குப் பிரஷர் உப்பு

வறண்ட நாடுகளில் ஒலிவ் மரங்களுக்குப் பொற்றாசிய உரம் எப்படி இட வேண்டும் என்பதில் ஒஸ்லோவின் இந்த எல்லிங்ஸ்ருட் பகுதியில் என்னை விஞ்சிய ஆள் இருக்க முடியாது. தெரிந்துகொண்ட ஒழுங்குதான் பிழை. முதலில் இட்டேன். பிறகுதான் வாசித்து முடித்தேன்.

மரம் என்னுடையது அல்ல. பக்கத்துக் கட்டடத்தில் குடியிருக்கும் தம்பியின் மரமும் அல்ல. தம்பி என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து கணினி வேலைக்கு வந்த இளைஞர். ஒருநாள் ரயில் மேடையில் நானும் மனைவியும் குடையை யார் மறந்தது என்று சண்டை பிடித்துக்கொண்டு நின்றபோது, "நீங்க தமிழாங்க?" என்று கேட்டபடி அருகில் வந்தார். இருவரும் ஒரே நேரத்தில் "ஓம்" என்றோம். அந்த மாதம் நாங்கள் ஒருமித்துச் சொன்ன சொல் அது ஒன்றுதான். அன்றிலிருந்து அவர் எங்களை அண்ணா, அக்கா என்கிறார். நான் அவரை 'நீர்' என்கிறேன். பழைய நாடகத்தில் ராசா மந்திரியைக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது என்று முதல் கொஞ்ச நாள் சிரித்தார். பிறகு பழகிவிட்டார்.

மரம் அவருடைய வீட்டுச் சொந்தக்காரியினுடையது. அவர் ஓய்வுபெற்ற நோர்வேஜியப் பெண்மணி. மகளோடு இருப்பதற்காகத் துரொண்ட்ஹைம் நகருக்குப் போனபோது வீட்டைத் தளபாடங்களோடு வாடகைக்கு விட்டார். வரவேற்பறை ஜன்னலோரம் பெரிய மண்சாடியில் நின்ற ஒலிவ் மரமும் அந்தத் தளபாடங்களோடு சேர்த்திதான். எப்போதோ கிரேக்கத்துக்கு விடுமுறை போனபோது விரல் நீளக் குச்சியாகக் கொண்டுவந்தாராம். நான் பார்க்கும்போது என் தோளுக்கு நின்றது. அடிமரம் முழங்கால் மடக்கியதுபோல் ஓரிடத்தில் வளைந்து பிறகு நிமிர்ந்திருந்தது.

வீடு பார்க்கப் பலர் வந்தார்களாம். எல்லாரும் சலவை இயந்திரம் பற்றியும் இணையம் பற்றியும் விசாரித்தார்களாம். தம்பி மட்டும் மரத்தடியில் குந்தியிருந்து, இதற்கு என்ன வயது என்று கேட்டாராம். வீடு அவருக்குக் கிடைத்தது. ஒப்பந்தம் வசந்த காலத்தில் முடியும். அப்போது நேரில் வந்து வீட்டையும் மரத்தையும் பார்ப்பேன், திருப்தி என்றால் நீட்டித் தருவேன் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார்.

தம்பிக்கு அந்த வீடு வேண்டியிருந்தது. ஊரில் மனைவி கர்ப்பிணி. பிள்ளை பிறந்து, இருவரையும் கோடையில் கூட்டி வரும்போது கதவைத் திறந்து உள்ளே போக ஒரு வீடு இருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் குளிர்கால மாரி முழுக்க அவருடைய பேச்சு. வெளிநாட்டுப் பெயரோடு ஒஸ்லோவில் வாடகை வீடு தேடியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஜனவரியில் ஊருக்குப் போகும்போது சாவியை என்னிடம் தந்தார்.

"அண்ணா, வாரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி ஊத்தினா போதுங்க. வேற ஒண்ணுமே செய்ய வேண்டாம்ங்க."

"ஒண்டும் செய்யாமல் இருக்கிறதுதான் தம்பி எனக்கு நல்லா வரும். வீட்டிலை கேட்டுப் பாரும்."

"ஓம் தம்பி, அதுக்கு நான் சாட்சி," என்றாள் மனைவி.

உண்மையில் ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம். இத்தனை வருடங்களாக நான் பயின்ற ஒரே கலை அது. மிகச் சரியாகத் தேவைப்பட்ட இடத்தில் அதைக் கைவிட்டேன்.

கொஞ்ச நாளில் சில இலைகளின் நுனிகள் மஞ்சளாகின. மாரியில் எங்கள் வீடுகளுக்குள் அடிப்பது பாலைவனக் காற்று. வெளியே பனி, உள்ளே ஹீற்றர். உதடு வெடிக்கும், கதவுப் பிடியைத் தொட்டால் மின்சாரம் சுண்டும். அந்தக் காற்றில் ஒரு மரத்தின் நாலு இலை மஞ்சளாவது பெரிய விசயம் இல்லை என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். நான் வாசிக்கிறவன். வாசிக்கிறவனுக்கு எந்த இலையும் சும்மா மஞ்சளாகாது.

தேடினேன். வறண்ட நிலங்களில் ஒலிவ் வளர்ப்போருக்காக எழுதப்பட்ட ஒரு நீண்ட கட்டுரை அகப்பட்டது. இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் இருக்கின்றன, அவற்றைத் திறந்து மூடுவது பொற்றாசியத்தின் வேலை என்று அதில் இருந்தது. மழை குறைந்த இடத்தில் அந்த வாய்களை நேரத்துக்கு மூடத் தெரிந்த மரம் தண்ணீரைக் காப்பாற்றிக்கொள்ளும். வாயை நேரத்துக்கு மூடத் தெரியாதவன் என்று வீட்டில் பெயரெடுத்த எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்துப்போனது. பொற்றாசியம் குறைந்தால் முதலில் முதிர்ந்த இலைகளின் நுனி மஞ்சளாகும், பிறகு ஓரம் கருகும் என்றும் இருந்தது. காய்ந்த மண்ணில் வேர்கள் அதை உறிஞ்சத் திணறுவதால் தண்ணீரில் கரைத்து இலைகளில் தெளிப்பார்களாம். அந்த இடத்தில் எழுந்துவிட்டேன். நோய் தெரிந்துவிட்டது, மருந்தும் தெரிந்துவிட்டது. மிச்சத்தைப் படிப்பது சந்தேகப் பேர்வழிகளின் வேலை.

மருந்து எங்கள் குசினியிலேயே இருந்தது. மனைவிக்கு இரத்த அழுத்தம். சோடியம் குறைந்த உப்பைப் பாவிக்கச் சொல்லி வைத்தியர் சொன்னதிலிருந்து அந்த உப்புத்தான் எங்கள் வீட்டில். பெட்டியில் என்ன பெயர் இருந்தாலும் எங்களுக்கு அது பிரஷர் உப்பு. சாதாரண உப்பில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகப் பொற்றாசியம் குளோரைட்டைக் கலந்திருப்பார்கள். அதைப் பெட்டியில் வாசித்தபோது எனக்கு ஒரு விஞ்ஞானியின் சிலிர்ப்பே வந்தது.

மிச்சம் சாதாரண உப்பு என்பதும் அதே பெட்டியில் எழுதியிருந்தது. அதையும் வாசித்தேன். பயப்படவில்லை. எங்கள் ஆட்கள் தென்னங்கன்று வைக்கும்போது குழிக்குள் உப்பும் சாம்பலும் போடாமல் மண் மூடுவதில்லை. தென்னை உப்புக்கு வளரும், எங்கள் பக்கத்தில் எவரையும் கேட்டுப் பாருங்கள். நான் வாழ்நாளில் ஒரு தென்னங்கன்றும் வைத்தவன் அல்ல, வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். ஆனாலும் அந்த அறிவு, உழைக்காமல் கிடைத்த சொத்துப்போல, எனக்குள் பத்திரமாக இருந்தது. தென்னையும் மரம், ஒலிவும் மரம். இரண்டிலும் எண்ணெய் எடுக்கிறார்கள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

சாடியில் இரண்டு மேசைக்கரண்டி தூவி, தம்பி சொன்ன ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினேன். மனைவி இஸ்திரிப் பெட்டியால் உடுப்பு அழுத்தும்போது பாவிக்கும் தெளிப்பானில் உப்புக் கரைத்து இலைகளுக்கும் அடித்தேன். காய்ந்த பிறகு மரம் முழுக்கத் திருநீறு பூசியதுபோல் இருந்தது. பார்க்க மங்களகரமாகத்தான் இருந்தது.

அடுத்த கிழமை, வாரத் தண்ணீர் ஊற்றப் போனபோது, மேலும் பல இலைகளின் நுனி மஞ்சளாகியிருந்தது. சிலவற்றின் ஓரம் கருகியும் இருந்தது. கட்டுரை சொன்ன அதே குறிகள். நோய் முற்றுகிறது என்று முடிவு செய்து மருந்தைக் கூட்டினேன். அதற்கடுத்த கிழமை இலைகள் உதிரத் தொடங்கின. மேலும் கூட்டினேன். உப்பு மிஞ்சினாலும் இலை அப்படியேதான் கருகும் என்பதை அப்போது நான் அறியவில்லை. மருந்து செய்த வேலையைப் பார்த்து, நோய் செய்கிறது என்று நினைத்து, மருந்தையே மேலும் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் உப்பு முடிந்துகொண்டே இருந்தது.

"இஞ்சருங்கோ, போன கிழமைதானே உப்பு வாங்கினனான். அதுக்கிடையிலை முடிஞ்சுதோ?"

"நீர் கறிக்குக் கூடப் போடுறீர் போல."

ஒரு நோயாளியைப் பார்த்து இதைச் சொன்னேன். அவள் அன்றிலிருந்து கறிக்கு இன்னும் குறைத்துப் போட்டாள். உப்பில்லாத கறியை நான் முறைப்பாடு இல்லாமல் சாப்பிட்டேன். பிராயச்சித்தம் என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், முறைப்பாடு செய்தால் பேச்சு உப்பின் பக்கம் திரும்பும் என்ற பயம்.

மார்ச்சில் ஊரிலிருந்து செய்தி வந்தது. பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம். படத்தோடு தம்பி ஒரு வரியும் அனுப்பியிருந்தார்: "மரம் எப்படிங்க இருக்கு அண்ணா?" நான் பிள்ளை அழகு என்று பதில் எழுதினேன்.

அன்று பின்னேரம்தான் கட்டுரையின் மீதிப் பாதியை வாசித்தேன். முதலில் இலையைச் சோதித்துப் பொற்றாசியம் உண்மையிலேயே குறைவா என்று பார்க்க வேண்டும் என்று இருந்தது. வறண்ட இடங்களில் குளோரைட் கலந்த உரத்தைத் தவிர்க்க வேண்டும், மழை வந்து கழுவாத மண்ணில் அது தங்கி இலையைச் சுடும், சல்பேட் அல்லது நைத்திரேட் நல்லது என்று இருந்தது. சாதாரண உப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதைப் போடக்கூடிய ஒருவன் வாசிப்பான் என்று எழுதியவர் எண்ணியிருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் பூங்கன்று விற்கும் பெரிய கடைக்குப் போகத் தொடங்கினேன். வசந்தம் வரப்போவதால் ஒலிவ் கன்றுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். தோளுயரம் இருந்தது, சாடியும் கிட்டத்தட்ட அதே நிறம். ஒன்றை வாங்கி இரண்டையும் மாற்றி வைத்தால் என்ன என்று நான் நினைக்கவில்லை என்று எழுதினால், இந்தப் பத்தியை எழுதுவதில் பயன் இல்லை. நினைத்தேன். ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். உதவி வேண்டுமா என்று கேட்ட பெண்ணிடம், "முழங்கால் மடித்த மரம் இருக்கிறதா?" என்று கேட்டேன். எல்லா அடிமரங்களும் அளவுகோல் வைத்ததுபோல் நேராக நின்றன. நான் நேர்மையாக இருந்தது அந்த வளைவினால்தான்.

தம்பி வருவதற்கு முதல்நாள், பாலும் இடியப்பமும் சம்பலும் வைத்துவிட்டு வருவோம் என்று மனைவியும் என்னோடு அந்த வீட்டுக்கு வந்தாள். சாமான்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுத் திரும்பியவள் மரத்தைப் பார்த்து நின்றாள். பாதிக்கு மேல் மொட்டைக் கிளைகள். மண்ணின் மேல் வெள்ளையாகப் பொருக்கு. குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இது என்ரை உப்பு."

"பொற்றாசியம்," என்றேன்.

"எனக்குப் பிரஷருக்கு எண்டு தந்ததை மரத்துக்குப் போட்டனீங்களோ? மரத்துக்கும் பிரஷரோ?"

கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். தென்னையைப் பற்றிச் சொன்னேன். அவள் நடுவில் மறிக்கவில்லை. அது நல்ல அறிகுறி அல்ல.

"அந்தப் பெடியன் இந்த வீட்டை நம்பித்தான் பிள்ளைக்குத் தொட்டில் பாத்துக்கொண்டு இருக்குது. நாளைக்கு வந்தவுடனை நீங்கள்தான் வாயைத் திறந்து சொல்ல வேணும். நான் சொல்ல மாட்டன்."

"சொல்லுறன்."

"சொல்லுவியளோ?"

"சொல்லுறன் எண்டுறன்."

மறுநாள் நான் சாவியோடு அங்கே காத்திருந்தேன். விமான நிலையத்திலிருந்து நேராக வந்த தம்பி, பெட்டியைக் கையில் பிடித்தபடியே மரத்தைப் பார்த்தார். அவர் ஹீற்றருக்குப் பக்கத்தில் போய் அதன் குமிழைத் தொட்டுப் பார்த்தார்.

"போகும்போது இதைக் குறைக்காம விட்டுட்டேன் அண்ணா. ரெண்டு மாசமா அனல்ல வெந்துருக்கு. என் தப்புதாங்க. உங்களுக்கு வேற சிரமம். மன்னிச்சுக்குங்க."

"பரவாயில்லை தம்பி," என்றேன்.

இதைப் பல முறை எழுதிப் பார்த்துவிட்டேன், வேறு மாதிரி எழுத முடியவில்லை. நான் செய்த பிழைக்காக அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் மன்னித்தேன். மூட வேண்டிய நேரத்தில் ஒருபோதும் மூடாத வாய் அந்த இரண்டு சொற்களோடு கச்சிதமாக மூடிக்கொண்டது. அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த மைசூர்பாகு ஒரு பெட்டி தந்தார். அதையும் வாங்கிக்கொண்டேன். சாவியைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி கேட்டாள், "சொன்னீங்களோ?"

"களைச்சுப்போய் வந்திருக்கிறார். ஆறுதலாச் சொல்லுவம்."

அவள் மைசூர்பாகைத் தொடவில்லை.

வீட்டுக்கார அம்மா ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். தம்பி எங்கள் இருவரையும் அழைத்திருந்தார். "பெரியவங்க ரெண்டு பேர் கூட இருந்தா ஒரு மரியாதையா இருக்கும் அண்ணா. நீங்க நோர்ஸ்க் நல்லாப் பேசுவீங்க, ஏதாச்சும் எடுத்துச் சொல்லுங்க." பெண் பார்க்கும் வீட்டில் மாப்பிள்ளைக்காகப் பேச வந்த பெரியப்பாவைப்போல் சோபாவில் உட்கார்ந்தேன். எனக்கு நேர் எதிரே மரம்.

நான் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு வாக்கியம் கொண்டுவந்திருந்தேன். இரண்டு கிழமையாக அதைச் செதுக்கியிருந்தேன். நோர்வேஜிய மொழியில், 'ஒருவேளை' என்று தொடங்கி, 'எங்கள் பண்பாட்டில்' என்ற இடத்தில் மூச்செடுத்து, 'ஓரளவு பங்கு எனக்கும் இருக்கலாம்' என்று முடியும். கேட்கிறவருக்கு என்மேல் மதிப்புக் கூடியிருக்கும்.

அந்த அம்மா கோப்பியைக் கையில் எடுக்கவில்லை. மரத்தின் முன் நின்று, வளைந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன நடந்தது?" என்று கேட்டார். குரல் உயரவில்லை.

தம்பி வகுப்பில் படித்த நோர்வேஜியனில், சொல் சொல்லாகப் பொறுக்கி, ஹீற்றர் என் பிழை, நான் மறந்தேன், மன்னிக்கவும் என்றார். அந்த அம்மா தலையசைத்தார். "நான் போகும்போது சொன்னேனே, மாரியில் அதற்குக் குளிர் வேண்டும் என்று," என்றார். பிறகு, "நான் யோசிக்க வேண்டும்," என்றார். எதை யோசிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எல்லாருக்கும் விளங்கியது. தம்பி தன் கைகளையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

இதுதான் என் வாக்கியத்துக்கான இடம். நான் கோப்பையை மேசையில் வைத்தேன். தொண்டையைச் செருமினேன். "ஒருவேளை," என்றேன்.

"உப்புப் போட்டது இவர்," என்றாள் மனைவி.

நோர்வேஜியனில் சொன்னாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், காது மந்தமானவர்களுக்கும் கேட்கும்படி தெளிவாகப் பேசிப் பழகியவள். பிறகு தமிழில் தம்பியிடம் திரும்பி, "ஹீற்றர் இல்லை தம்பி. நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை. இவர்தான் என்ரை பிரஷர் உப்பைக் கிழமைக்குக் கிழமை கொட்டினவர்," என்றாள்.

தம்பி என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். எதையோ கூட்டிக் கழித்துப் பார்க்கிற முகம். விமான நிலையத்திலிருந்து வந்த அந்த நாளுக்குப் போய்த் திரும்பி வந்தது அந்த முகம் என்று நினைக்கிறேன்.

"உப்பு?" என்றார் வீட்டுக்கார அம்மா. "ஏன்?"

அப்போது சொன்னேன். 'ஒருவேளை' இல்லாமல், 'பண்பாடு' இல்லாமல். நுனி மஞ்சளானது, பாதி வாசித்தது, பொற்றாசியம், தென்னங்கன்று, தெளிப்பான், கருகக் கருகக் கூட்டியது. என் நோர்வேஜியன் இவ்வளவு எளிமையாக இருந்து நான் கேட்டதில்லை. அவர் முழுவதையும் கேட்டார்.

"தென்னைக்கு அது உண்மையிலேயே நல்லதா?"

"ஆம்."

"நல்லது," என்றார். பிறகு ஒரு கிளையை நகத்தால் சுரண்டினார், உள்ளே காய்ந்திருந்தது. இன்னொன்று, அதுவும் அப்படியே. அடிமரத்தில், வளைவுக்குக் கீழே சுரண்டினார். உள்ளே மெல்லிய பச்சை தெரிந்தது. குனிந்து நெடுநேரம் அதைப் பார்த்தார்.

"தூக்குங்கள்," என்றார்.

தம்பியும் நானும் சாடியைக் குளியலறைக்குத் தூக்கிப் போனோம். ஷவரைத் திறந்து, அடித்துளையால் தண்ணீர் தெளிவாக வரும்வரை மண்ணைக் கழுவச் சொன்னார். நான் முழந்தாளிட்டுச் சாடியைப் பிடித்துக்கொண்டேன், தம்பி ஊற்றினார். எங்கள் இருவரின் தலைகளும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. கடைசியில், "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க," என்றார், அவ்வளவுதான். அண்ணா என்ற சொல் அதில் இல்லை.

நாங்கள் ஈரக் கையோடு திரும்பியபோது அந்த அம்மா கோப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். மனைவி தம்பியின் கைத்தொலைபேசியை வாங்கி அவருக்குக் குழந்தையின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். வீடு தம்பிக்குத்தான், குழந்தை வந்த பிறகு மரத்துக்கு மேல் தொட்டில் துணி காயப்போட வேண்டாம் என்று மட்டும் அந்த அம்மா சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, கையை நீட்டினார். கைகுலுக்கத்தான் நீட்டுகிறார் என்று நானும் நீட்டினேன்.

"சாவி," என்றார்.

வளையத்திலிருந்து கழற்ற நேரம் எடுத்தது. விரல்கள் ஈரம். மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கோடையில் வளைவுக்குக் கீழிருந்து இரண்டு மூன்று துளிர்கள் வந்தன. தம்பி அனுப்பிய படத்தில் பார்த்தேன். அதை மனைவிக்குத்தான் அனுப்பியிருந்தார். அவருடைய மனைவியும் பிள்ளையும் வந்துவிட்டார்கள். எங்களை அழைத்தார்கள், போனோம், மரியாதைக்குக் குறைவில்லை. மரம் வெரண்டாவில் நின்றது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஒருவரும் போகச் சொல்லவும் இல்லை.

அன்று வீடு திரும்பும்போது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மனைவி கேட்டாள், "ஒண்டு கேக்கட்டோ? அண்டைக்கு நான் சொல்லாட்டில் நீங்கள் சொல்லியிருப்பியளோ?"

"ஓம்," என்றேன். "சொல்லத் தொடங்கினனான்தானே."

"தொடங்கினனீங்கள்தான்," என்றாள்.

நான் செதுக்கிய அந்த நோர்வேஜிய வாக்கியம் இன்னும் என்னிடம் பழுதில்லாமல் இருக்கிறது. எப்படி உருட்டிப் பார்த்தாலும், அதில் உப்பு என்ற சொல் எந்த இடத்திலும் இல்லை.